குறட்டையோடு மூச்சும் நிற்கிறதா?

ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்குக் கண் சொக்கினால் 'நைட் ஷிஃப்ட் அசதி' என்று விட்டுவிடுகிறோம். குறட்டை விடுபவர் சட்டென அடங்கி, 10 விநாடிக்கு மேல் மூச்சில்லாமல் கிடந்து, பிறகு திணறி மூச்சை இழுத்தால் அது வெறும் அசதி அல்ல. ஸ்லீப் ஆப்னியா என்ற மூச்சுத்தடையாக இருக்கலாம்.

தூங்குபவருக்கு இது பெரும்பாலும் தெரியாது. அறையில் கூடத் தங்கியிருப்பவரிடம் சொல்லி, செல்போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி. எழுந்ததும் தலைவலி, வாய் வறட்சி, பிரஷர் இருந்தால் மறைக்காதீர்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. கைக்காசைக் கொட்டும் முன் உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் நுரையீரல் அல்லது காது-மூக்கு-தொண்டை நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

நிபுணர் எழுதித் தரும் ஸ்லீப் ஸ்டடி என்ற தூக்கப் பரிசோதனையில் உடம்பில் ஒயர்களை ஒட்டித் தூங்க வைப்பார்கள், வலி கிடையாது. எந்த ஷிஃப்டில் இருக்கிறீர்கள், எப்போது தூங்குவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மணிக்கு 5 முறைக்குள் மூச்சுத் தடைபட்டால் பயமில்லை. 30-ஐத் தொட்டால் தீவிரம்.

தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவி தந்தால், முதல் சில நாள் மாஸ்க் உறுத்தும். கழற்றி மூலையில் போட்டுவிடாதீர்கள், அளவை மாற்றித் தரச் சொல்லுங்கள். மது வேண்டாம், தூக்க மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள்.

சிகிச்சை பலன் தரும்வரை வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் பைக் வேண்டாம், கம்பெனி பஸ்ஸிலேயே போய் வாருங்கள்.