ஈகாக் பரிசோதனை: எலக்ட்ரோட் செவிப்பறையைத் தொட வேண்டும்

காது அடைப்பு, இரைச்சல், இடையிடையே தலைசுற்றல். ஆடியோகிராமில் 250, 500 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் இறக்கம். மெனியர் நோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் இப்படி வருபவர்களுக்கு மருத்துவர்கள் எலக்ட்ரோகோக்லியோகிராபி, சுருக்கமாக ஈகாக், எழுதித் தருகிறார்கள். உட்காதில் எண்டோலிம்ஃப் திரவம் மிகுந்திருக்கிறதா என்று மின் அலைகளைக் கொண்டு கணிக்கும் சோதனை இது. புதிய ஆடியாலஜிஸ்டுகள் திணறுவது மூன்றாம் படியில்தான்.

1. ஓட்டோஸ்கோப்பில் பார்த்துக் குறும்பியை எடுங்கள். செவிப்பறையில் ஓட்டையோ சீழோ இருந்தால் மருத்துவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

2. ஆடியோகிராம், டிம்பனோமெட்ரி, ரிஃப்ளெக்ஸ் மூன்றையும் அன்றே எடுங்கள். உயர் அதிர்வெண்களில் கேட்பு 60 டெசிபலுக்கும் கீழே இறங்கியிருந்தால் தெளிவான அலையை எதிர்பார்க்காதீர்கள்.

3. நெற்றியிலும் மறுகாதின் பின்னாலும் தோலைத் தேய்த்து எலக்ட்ரோட் ஒட்டுங்கள். அடுத்தது செவிப்பறை எலக்ட்ரோட். சோதிக்கும் காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். "உள்ளே தொடும், இருமல் வரலாம், தலையை அசைக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பஞ்சு முனையை ஜெல்லில் நனைத்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, மெதுவாக உள்ளே செலுத்துங்கள். ஜெல் காதுக்குழாய்ச் சுவரில் பூசிக்கொண்டால் பதிவாவது சுவரின் அலைதான். ஆகவே முனைக்கு மட்டும் ஜெல். தொட்டதும் நோயாளியே சொல்வார். அதை மட்டும் நம்பாமல் ஓட்டோஸ்கோப்பிலும் பாருங்கள். பிறகு கம்பியை ஒரு கையால் பிடித்தபடியே இயர்போனின் ஃபோம் முனையை நசுக்கிச் செருகி, அது விரியும்வரை விடாதீர்கள். பெரும்பாலும் முனை நழுவுவது இந்த நேரத்தில்தான். காதுக்குழாயிலேயே வைக்கும் தங்கத்தாள் முனை சுலபம். ஆனால் அலை சிறிதாகும். எனக்கு அது வேண்டாம்.

4. 90 டெசிபல் கிளிக், மாறிமாறி வரும் துருவம், நொடிக்கு 7 முதல் 11, குறைந்தது 1000 பதிவுகள். ஃபில்டரின் கீழ் எல்லை 10 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கட்டும். ஏ.பி.ஆர். (மூளைத்தண்டு கேட்பு) சோதனைக்கு வைத்த 100 ஹெர்ட்ஸை மாற்றாமல் விட்டால் எஸ்.பி. (சம்மேட்டிங் பொட்டென்ஷியல்) அலை சுருங்கிவிடும்.

5. இரண்டு முறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். சுமார் 1.5 மில்லிநொடியில் வரும் உச்சி ஏ.பி. (செவி நரம்பின் ஆக்‌ஷன் பொட்டென்ஷியல்); அதற்கு முந்தைய தோள் எஸ்.பி. தோள் புலப்படாவிட்டால் கிளிக்கை நொடிக்கு 90 ஆக்குங்கள்: நரம்பு களைத்து ஏ.பி. சுருங்கும், எஸ்.பி. நிற்கும்.

6. எஸ்.பி.யை ஏ.பி.யால் வகுங்கள். செவிப்பறைப் பதிவில் விகிதம் 0.4 முதல் 0.5 என்ற அளவைத் தாண்டினால் சந்தேகம். உங்கள் கருவிக்கான இயல்பு அளவை நீங்களே எடுத்து வைத்திருப்பது நல்லது.

மேல் அரைவட்டக் குழாயின் எலும்பில் திறப்பு இருந்தாலும் இந்த விகிதம் ஏறும். தாழ் அதிர்வெண்ணில் ஏர்-போன் இடைவெளி இருந்தும் ரிஃப்ளெக்ஸ் வந்தால் சி.டி. ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அடைப்பு தணிந்த நாளில் மெனியர் காதும் இயல்பாகவே காட்டலாம். 2015இல் பாரானி சங்கம் வகுத்த மெனியர் விதிகளில் ஈகாக் இடம்பெறவில்லை. ஆகவே அறிக்கையில் "மெனியர்" என்று எழுதாதீர்கள். விகிதத்தையும் அன்றைய அறிகுறியையும் எழுதினால் போதும்.