பழைய ஜீப்பில் ஸ்டியரிங் அலைகிறதா? எஃப்.சி.க்கு முன் நீங்களே சோதித்துப் பாருங்கள்

"ரோடு நேராத்தான் இருக்கு, வண்டிதான் நேரா போகமாட்டேங்குது!" பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்வது இது. திருக்கழுக்குன்றத்து ஊர்ச் சாலையில் 30 கி.மீ. வேகத்தில் போகும்போது இது பெரிதாகத் தெரியாது. மாமல்லபுரம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, பக்கவாட்டில் கடல்காற்று அடிக்கும்போதுதான் கை நடுங்கும். எதிரே பேருந்து வரும் நேரத்தில் வண்டி ஒரு அடி விலகினாலும் ஆபத்துதான்.

முதலில் நோயைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். வண்டி எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் டயர், பிரேக் அல்லது அலைன்மென்ட் காரணமாக இருக்கலாம். இடமும் வலமுமாக மாறி மாறி அலைந்தால், எங்கோ 'பிளே' இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

விதி என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 98-ன்படி ஸ்டியரிங் வீலில் பிளே 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. கடிகாரத்தில் 12-லிருந்து 1 வரை உள்ள தூரம்தான் 30 டிகிரி. 40 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கில் இது சுமார் 10 செ.மீ. பால் ஜாயின்ட்களுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும். நட்டுகள் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். 30 டிகிரி என்பது சட்டத்தின் எல்லை மட்டுமே. அதற்குக் குறைவான பிளே இருந்தாலும் வண்டி அலையலாம்.

சோதனை செய்யும் முறை

1. டயர்: நான்கிலும் காற்றழுத்தம், தேய்மானம், வீல் நட்டு பாருங்கள். செலவில்லாத வேலை இது. பலருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும்.

2. செல்போன் சோதனை: சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டட்டும். நீங்கள் முன்பக்கத்தில் இருந்து அடிப்பகுதியைச் செல்போனில் வீடியோ எடுங்கள். ஸ்டியரிங் ராடு சுற்றியும் பாக்ஸிலிருந்து வரும் ஆர்ம் அசையவில்லையா? பாக்ஸில் தேய்மானம். ஆர்ம் அசைந்தும் சக்கரம் அசையவில்லையா? டை ராடு எண்ட் அல்லது இணைப்பு ராடு. பாக்ஸே சேஸிஸில் ஆடுகிறதா? போல்ட் தளர்வு அல்லது விரிசல்.

3. ஜாக்கி சோதனை: முன்சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகே கை வையுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் பக்கம் பாருங்கள்.

4. ஸ்பிரிங்: புஷ், ஷேக்கிள், யூ போல்ட் தளர்ந்திருந்தால் முன் ஆக்ஸிலே இடம் மாறும். உயரம் கூட்டிய ஜீப்பில் காஸ்டர் கோணம் குறைந்தாலும் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. கடலோர உப்புக் காற்றில் ஓடும் வண்டியில் இந்த இடங்களில் துருவையும் கவனியுங்கள்.

அலைன்மென்ட் கடைசியில்தான். தேய்ந்த பாகங்களை மாற்றாமல் அலைன்மென்ட் செய்தால் அது நிற்காது, காசுதான் வீண். அதேபோல் பாக்ஸ் ஸ்க்ரூவை மட்டும் இறுக்கி "சரியாயிடுச்சு" என்று சொன்னால் நம்பாதீர்கள். அதிகம் இறுக்கினால் திருப்பத்தில் ஸ்டியரிங் சிக்கிக்கொள்ளும்.

எஃப்.சி. நேரம்

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் ஆய்வுக்கு உட்பட்டு 5 ஆண்டுகள் வீதம் புதுப்பிக்க வேண்டும். எம்பரிவாகன் செயலியில் உங்கள் ஆர்.சி. முடியும் தேதியைப் பாருங்கள். அதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். ஆய்வு நாளுக்கு முந்தைய நாள் மெக்கானிக்கைத் தேடாமல், இந்த 60 நாட்களின் தொடக்கத்திலேயே சோதனையை முடித்துவிடுங்கள். நீங்கள் எடுத்த வீடியோவை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று இருவரும் பார்த்தே முடிவு செய்யலாம்.

பிளே அதிகம் என்று தெரிந்தால், சரிசெய்யும்வரை வண்டியை வேகச் சாலைக்கு எடுக்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களும் அதே வண்டியில்தானே வருகிறார்கள்!