நால்வர் மீது ஒரு சந்தேகம்: துப்பறியும் கதையை வகுப்பறையில் பயன்படுத்துதல்

துப்பறியும் கதை என்றால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த ஆர்வத்தை வாசிப்புத் திறனுக்கு மட்டுமின்றி, சான்றுக்கும் ஊகத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்கவும் பயன்படுத்தலாம். இதற்கு மிகவும் பொருத்தமானது அகதா கிறிஸ்டி எழுதி 1932இல் நூலாக வெளிவந்த 'தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்' என்னும் பதின்மூன்று கதைகளின் தொகுப்பு. எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, மொழிப் பாடவேளை இரண்டை ஒதுக்கினால் போதும்.

கதைகளின் களம் செயின்ட் மேரி மீட் என்னும் கற்பனைக் கிராமம். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் உள்ள அந்த ஊரில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அங்கே பின்னல் வேலையும் தோட்டமுமாக இருக்கும் முதிய பெண்மணி மிஸ் மார்பிள். நண்பர்கள் கூடி, ஆளுக்கொரு பழைய மர்மத்தைச் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்து யார்டின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற சர் ஹென்றி கிளிதரிங்கும் அவர்களில் ஒருவர். விடையைக் கண்டுபிடிப்பவர் என்னவோ ஒவ்வொரு முறையும் மார்பிள்தான். "இது எங்கள் ஊர்க்காரர் ஒருவரை நினைவூட்டுகிறது" என்கிற தோரணையில் தொடங்கி விடைக்கு வந்து சேருவது அவர் வழக்கம்.

வகுப்புக்கு நான் பரிந்துரைப்பது 'தி ஃபோர் சஸ்பெக்ட்ஸ்' என்னும் கதையை. ஜெர்மனியில் ஒரு ரகசிய இயக்கத்தை வீழ்த்த உதவிய டாக்டர் ரோசன், உயிருக்கு அஞ்சி ஆங்கிலக் கிராமம் ஒன்றில் ஒதுங்கி வாழ்கிறார். ஒருநாள் மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்துகிடக்கிறார். வீட்டோடு தொடர்புடையவர்கள் நால்வர்: உறவுக்காரப் பெண் கிரேட்டா, முதிய பணிப்பெண், செயலாளர், தோட்டக்காரர். அந்த நேரத்தில் எங்கிருந்தோம் என்பதற்கு நால்வரிடமும் சாட்சி இல்லை. வழக்கு முடியாமல் நின்றுவிடுகிறது.

கதையின் உயிர், அதைச் சொல்லும் சர் ஹென்றியின் கவலையில் இருக்கிறது. குற்றவாளி தப்பியதைவிட அவரை அதிகம் உறுத்துவது வேறொன்று. நால்வரில் ஒருவர் குற்றவாளி என்றால் மூவர் நிரபராதிகள். உண்மை வெளிவராதவரை அந்த மூவரும் ஊராரின் சந்தேகப் பார்வையைச் சுமந்தே வாழவேண்டும். இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, "அந்தத் தோட்டக்காரருக்கு அடுத்த வேலையை யார் கொடுப்பார்கள்?" என்று கேளுங்கள். விவாதம் தானே நடக்கும்.

விடை ஒரு கடிதத்தில் இருக்கிறது. ரோசனுக்கு வந்த அந்தச் சாதாரணக் கடிதத்தில் சில சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. ஆட்களின் பெயர்களாகத் தோன்றியவை உண்மையில் டாலியா பூவகைகளின் பெயர்கள் என்பது தோட்டக்கலை தெரிந்த மார்பிளுக்குப் புலப்படுகிறது. அச்சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டினால் மரணம் எனப் பொருள்படும் 'டெத்' என்னும் ஆங்கிலச் சொல் வருகிறது. அது கிரேட்டாவுக்கான கட்டளை. காவல்துறையின் தலைமையில் இருந்தவர் கவனிக்காததைச் செடி வளர்ப்பவர் கவனிக்கிறார்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லை. ஆகவே இந்த உத்தியை அப்படியே கொண்டுவர இயலாது. ஆனால் ஊர்ப்பெயர்களைக் கொண்டு நாமே ஒரு கடிதம் எழுதலாம். "மாமா மானாமதுரையில் பஸ் ஏறி, தஞ்சாவூர் போய், அங்கிருந்து விருதுநகர் வந்து சேர்ந்தார்" என்று எழுதிக் கொடுங்கள். முதலெழுத்துகள் சேர்ந்தால் 'மாதவி'. பெரும்பாலான மாணவர்கள் எழுத்துகளைத் துழாவுவார்கள். பஸ் வழித்தடம் அறிந்த மாணவர் மட்டும், "பக்கத்தில் இருக்கும் விருதுநகருக்குத் தஞ்சாவூர் சுற்றியா போவார்கள்?" என்று கேட்பார். அந்தக் கேள்விதான் துப்பு. தேர்வில் பின்தங்கிய மாணவர் இதில் முந்துவதைப் பார்க்கலாம்.

அடுத்த பாடவேளையில் கரும்பலகையை மூன்றாகப் பிரித்து 'பார்த்தது', 'கேட்டது', 'நினைத்தது' என்று தலைப்பிடுங்கள். கதையின் ஒவ்வொரு செய்தியையும் மாணவர்கள் உரிய இடத்தில் எழுதட்டும். ரோசன் படியின் கீழே கிடந்தார் என்பது முதல் கட்டம். யாரோ தள்ளியிருக்கவேண்டும் என்பது மூன்றாம் கட்டம். இந்த இரண்டுக்கும் இடையே எத்தனை படிகள் தாண்டப்பட்டன என்று எண்ணச் சொல்லுங்கள். கேட்ட செய்தியைப் பார்த்த செய்தியாகச் சொல்லும் பழக்கம் மாணவர்களின் பேச்சிலேயே எவ்வளவு இருக்கிறது என்பது அப்போது வெளிப்படும்.

மார்பிளின் முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'இவர் அவரைப் போல' என்ற ஒப்பீடு கதையில் பலிப்பதற்குக் காரணம், கதாசிரியர் அப்படி அமைத்திருக்கிறார். பள்ளியில் அது ஆபத்து. வகுப்பில் ஒரு பென்சில் பாக்ஸ் காணாமல் போகிறது. உணவு இடைவேளையில் உள்ளே இருந்தவர்கள் நால்வர். "இவன் அண்ணன் படிக்கும்போதும் இப்படித்தான்" என்று ஆசிரியர் ஓய்வறையில் ஒரு குரல் எழுந்தால் போதும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த கிராமத்தில் அந்தப் பேச்சு மாலைக்குள் வீட்டை எட்டிவிடும், அடுத்த வகுப்புக்கும் அவனோடு போகும். பாக்ஸ் கிடைத்தாலும் பேச்சு திரும்பி வராது. எல்லோர் முன்பும் ஒருவனின் பையை மட்டும் சோதிப்பதும் இதே வகைதான். மாணவர்களுக்கு நடத்தும் இந்த மூன்று கட்டப் பயிற்சியை நாம் நமக்கும் ஒருமுறை நடத்திப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இந்த ஆபத்தை மார்பிளும் அறிந்தவர்தான். தொகுப்பின் கடைசிக் கதையான 'டெத் பை டிரௌனிங்'கில் ஓர் இளம்பெண் ஆற்றில் இறந்துகிடக்கிறாள். ஊர் ஏற்கெனவே ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட்டது. மார்பிளுக்கு வேறொருவர் மீது உறுதியான ஐயம்; கையில் சான்று இல்லை. அவர் அதை ஊரில் சொல்லவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதி சர் ஹென்றியிடம் கொடுத்து, விசாரித்துப் பார்க்கும்படி கேட்கிறார். ஊகத்தை ஊகமாகவே, உரியவரிடம் மட்டும் ஒப்படைக்கிறார். இக்கதையை மாணவர்களுக்கு முழுமையாகச் சொல்லவேண்டியதில்லை. சீட்டு கொடுக்கும் காட்சி போதும். அவர் ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று பத்து வரியில் எழுதச் சொல்லலாம்.

தொடக்க வகுப்புகளுக்கு மரணம் வரும் கதைகள் வேண்டாம். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஈர மண்ணை மறுநாள் காலையில் காட்டி, அங்கே பதிந்த தடங்களைக் கொண்டு இரவில் எது வந்துபோனது என்று கேட்கலாம். "நாய்" என்று உடனே பதில் வரும். எந்தத் தடத்தைப் பார்த்துச் சொன்னாய், விரல் எத்தனை, நகம் பதிந்திருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். நடக்கும்போது பூனை நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும், நாய்க்கு அது முடியாது என்பதைத் தடம் பார்த்தபின் சொன்னால், அடுத்த நாள் நீங்கள் வருவதற்கு முன்பே அவர்கள் அங்கே குந்தியிருப்பார்கள்.