இரவுப் பணிக்குப் போகும் உபாசிகைக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். பத்து நாள் விபாசனா முகாமிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லாம் கலைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்பினார்கள். உனக்கோ மாதத்தில் பாதி நைட் டியூட்டி. வார்டை அடுத்த சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறும்போதே கண் சொருகுகிறது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் தலை கவிழ்கிறது, படுத்தால் குற்ற உணர்ச்சி. அம்மாவின் சீரியல் சத்தம், பணம் கேட்கும் தம்பி, போராட்டத்துக்குக் கூப்பிடும் தோழிகள். இத்தனைக்கும் நடுவில் நான் பௌத்தத்துக்கு லாயக்கானவள்தானா என்று கேட்டிருக்கிறாய். உன்னைப் போல வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே திணறுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். உன் பெயரைத் தவிர்த்துவிட்டேன்.

முதலில் தூக்கத்தைப் பேசிவிடலாம். புத்தரின் தலைமைச் சீடர்கள் இருவரில் ஒருவரான மொக்கல்லானரே தியானத்தில் உட்கார்ந்து தூங்கி வழிந்திருக்கிறார். அங்குத்தர நிகாயத்தில் அந்தக் கதை வருகிறது. புத்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, வழிமுறைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கேட்ட தம்மத்தை நினைத்துப் பார், வாய்விட்டு ஓது, காதுமடலை இழுத்துவிடு, கண்ணை நீரால் கழுவி நட்சத்திரங்களைப் பார், எழுந்து நட. இவ்வளவும் பலிக்கவில்லையென்றால் வலப்பக்கம் சாய்ந்து, இன்ன நேரத்தில் எழுவேன் என்ற நினைவோடு படுத்துத் தூங்கு என்கிறார். தூக்கத்தையும் பயிற்சிக்குள்ளேயே வைத்த ஆசிரியர் அவர். இரவு முழுக்க விழித்து நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தவள் முதலில் தூங்கு. எழுந்து முகம் கழுவியபின் இருபது நிமிடம் கிடைத்தால் உட்கார். ஒரு மணி நேரம் வாய்க்கிற நாளில் ஒரு மணி நேரம். உட்காரும்போது காரணமில்லாத பயமோ பதற்றமோ ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டுக் கண்ணைத் திற. அப்படி நாள் கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவதில் எந்தப் புண்ணியமும் இல்லை.

நீ கற்றுவந்த முறையே வேலைவெட்டி பார்த்தவர்களின் கைவழியாக வந்ததுதான். பர்மாவில் லெடி சயாடோ என்ற பிக்குவிடமிருந்து அது சயா தெட்ஜி என்ற விவசாயிக்குப் போனது. அவரிடம் கற்ற ஊ பா கின், சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். கணக்கும் கோப்பும் பார்த்துக்கொண்டே தன் அலுவலக ஊழியர்களுக்குத் தியானம் கற்பித்தவர். தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955இல் அவரிடம் போய்ச் சேர்ந்த வியாபாரிதான் கோயங்கா. 1969இல் அவர் இந்தியாவுக்கு வந்து நடத்திய முகாம்களின் தொடர்ச்சியில்தான் நீயும் உட்கார்ந்தாய். உழவர், அரசு அதிகாரி, வியாபாரி என்ற இந்த வரிசையில் ஒரு ஸ்டாஃப் நர்ஸுக்கு இடமில்லாமல் போகுமா?

முகாமின் பத்து நாட்களையும் உன் வீட்டு நாட்களையும் நீ பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கிறாய். அங்கே மௌனம், வேளைக்குச் சாப்பாடு, சமையல் கவலை இல்லை, போனும் கையில் இல்லை. அந்த ஏற்பாட்டில் மனம் அடங்குவது இயல்பு. அந்த அமைதியைத்தான் தம்மம் என்று எடுத்துக்கொண்டாயானால், வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் அதைப் பறிக்க வந்தவர்களாகத் தெரிவார்கள். அம்மா டிவி பார்த்தால் எரிச்சல் வருகிறது என்கிறாயே, அது இதனால்தான். ஒரு மனிதன் தனியாக வாழ்ந்தால் அவனுக்குத் தம்மம் தேவையில்லை, இரண்டு பேர் சேர்ந்தால் அது இல்லாமல் முடியாது என்ற பொருளில் அம்பேத்கர் தன் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் எழுதுகிறார். எனக்கு இந்த வழியில் திசை காட்டிய எழுத்து அது. உன் அம்மாவும் தம்பியும் உன் வார்டின் நாற்பது படுக்கைகளும் இருக்கிற இடத்தில்தான் உன் தம்மத்துக்கு வேலை இருக்கிறது. உட்காரும் நேரம் அந்த வேலைக்கு உன்னைத் தயார்படுத்துகிறது.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கோலியர் நாட்டில் தீகஜாணு என்றொரு இல்லறத்தான் புத்தரிடம் வந்து வெளிப்படையாகச் சொன்னான்: நாங்கள் பிள்ளைகுட்டிகளோடு நெருக்கியடித்து வாழ்கிறோம், காசிச் சந்தனம் பூசுகிறோம், பூச் சூடுகிறோம், பொன்னும் வெள்ளியும் கையாள்கிறோம்; எங்களைப் போன்றவர்களுக்கு இங்கேயும் மறுமையிலும் நன்மை தருவதைச் சொல்லுங்கள். வீட்டை விட்டு வா என்று புத்தர் அவனை அழைக்கவில்லை. செய்யும் தொழிலில் ஊக்கம், சம்பாதித்ததைக் காப்பது, நல்லவர் நட்பு, சமநிலையான வாழ்க்கை என்று இம்மைக்கு நான்கைச் சொன்னார். சமநிலை என்று அவர் அங்கே பேசுவது முழுக்க வரவு செலவைத்தான். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று தெரிந்து, ஊதாரித்தனமும் இல்லாமல் கஞ்சத்தனமும் இல்லாமல் நடப்பது. தராசு பிடிப்பவனுக்குத் தட்டு எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு உயர்ந்தது என்று தெரிவதுபோலத் தெரிந்திருப்பது. பிறகு செல்வம் ஒழுகிப்போகும் நான்கு மடைகளையும் சொல்கிறார்: காமக் களியாட்டம், குடி, சூது, தீயவர் சேர்க்கை. உன் தம்பி கேட்கும் பணம் செல்போன் ரம்மிக்குப் போகிறது என்று உனக்கே தெரிந்திருக்கிறது. அதைக் கொடுக்க மறுத்தால் கருணை குறைந்துவிடும் என்று பயப்படுகிறாய். குறையாது. அவனுக்குச் சோறு போடு, பரீட்சைக் கட்டணத்தை நீயே நேரில் கட்டு, அந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வர ஆலோசகரிடம் கூட்டிப் போ. கையில் காசு மட்டும் கொடுக்காதே. மாதச் சம்பளம் வந்ததும் ஒரு நோட்டில் வரவு செலவை எழுதிவை. தியானத்துக்கு ஒதுக்கும் அக்கறையில் கொஞ்சத்தை இந்த நோட்டுக்கும் ஒதுக்கு.

இனி உன் வார்டு. விநயபிடகத்தின் மகாவக்கத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியை நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வயிற்றுப்போக்கில் ஒரு பிக்கு தன் மலத்திலும் சிறுநீரிலுமே கிடக்கிறார். விகாரையைச் சுற்றி வரும் புத்தரும் ஆனந்தரும் அவரைப் பார்க்கிறார்கள். ஏன் யாரும் உன்னைக் கவனிக்கவில்லை என்று கேட்டால், நான் மற்றவர்களுக்கு எந்த உதவியும் செய்ததில்லை, அதனால் வரவில்லை என்கிறார். ஆனந்தர் தண்ணீர் கொண்டுவர, புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அதன் பிறகுதான் சங்கத்தைக் கூட்டி, உங்களுக்கு இங்கே தாயுமில்லை தந்தையுமில்லை, நீங்களே ஒருவரையொருவர் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறார். எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவன் நோயாளிக்குச் செய்யட்டும் என்றும் சொல்கிறார். இரவு இரண்டு மணிக்கு ஒரு பெரியவரின் படுக்கை விரிப்பை மாற்றுகிறாயே, அப்போது நீ செய்வது அவர் செய்த அதே வேலை.

அதே இடத்தில் நல்ல செவிலிக்கு ஐந்து தகுதிகளைப் புத்தர் சொல்கிறார். மருந்தைத் தயார் செய்யத் தெரிய வேண்டும். நோயாளிக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்து கொடுக்கவும் விலக்கவும் வேண்டும். ஆதாயத்துக்காக இல்லாமல் அன்போடு கவனிக்க வேண்டும். மலம், சிறுநீர், எச்சில், வாந்தி எடுத்துப் போட அருவருக்கக் கூடாது. அவ்வப்போது நல்ல பேச்சால் நோயாளியின் மனத்தைத் தேற்ற வேண்டும்.

முதலிரண்டும் உன் படிப்பில் இருக்கிறது. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஊசி போடுமுன் ஐந்தையும் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் மருந்துச் சீட்டை இரண்டாம் முறை படிக்கிறாயே, அதைவிடப் பெரிய விழிப்புணர்வுப் பயிற்சியை நான் உனக்குச் சொல்லித்தர முடியாது. சதிபட்டான சூத்திரம் நடப்பது, திரும்பிப் பார்ப்பது, கையை நீட்டி மடக்குவது, உண்பது, மலஜலம் கழிப்பது, பேசுவது, பேசாமலிருப்பது எல்லாவற்றையும் அறிந்து செய்யச் சொல்கிறது. அது உபதேசிக்கப்பட்ட குரு நாட்டில் நீர்த்துறையிலும் நூல் நூற்கும் இடத்திலும்கூடப் பெண்கள் இதைப் பற்றியே பேசிக்கொள்வார்கள் என்று உரைகாரர் எழுதுகிறார். ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகுமுன் எப்படியும் கை கழுவுவாய். அந்த நேரத்தை எடுத்துக்கொள். விரல்களில் ஈரம் படுவதை உணர், மூச்சு ஒருமுறை வந்துபோவதைப் பார், பிறகு அடுத்தவரிடம் போ. ஒரு டியூட்டிக்குள் எத்தனை முறை இது வாய்க்கும் என்று நீயே யோசித்துப் பார்.

மூன்றாவது தகுதியில் சற்று நிற்க வேண்டும். ஆதாயத்துக்காக அல்ல என்றால் சம்பளம் வாங்காதே என்று பொருளில்லை. குழந்தை பிறந்ததும் உறவினர்கள் கையில் திணிக்கும் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். அவர்களாகத்தானே கொடுக்கிறார்கள் என்று சிலர் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். கொடுக்காவிட்டால் கவனிப்பு குறைந்துவிடுமோ என்ற பயத்தில் நீட்டிய பணத்தைக் கொடுக்கப்பட்ட பணம் என்று எண்ண என்னால் முடியவில்லை. கொடுக்கப்படாததை எடுக்காதே என்ற பஞ்சசீலத்தின் இரண்டாம் சீலம் அந்த இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது. வாங்கிக்கொள்கிற மற்றவர்களை எடைபோடாதே, நீ வாங்காதே.

அருவருப்பு வரும். வரவே கூடாது என்று நினைக்காதே. முகாமில் முழங்கால் வலியை எழுந்து மறையும் உணர்ச்சியாகப் பார்த்தாய் இல்லையா, வாந்தி வாடையில் உன் வயிறு புரளுவதையும் அப்படியே பார்க்கலாம். பார்த்துக்கொண்டே கை வேலையைச் செய்யட்டும். ஆனால் உன் உணர்ச்சியைக் கவனிப்பதில் மூழ்கி, எதிரே வலியில் முனகுகிறவரை மறந்துவிடாதே. அப்படி மறந்தால் அது வேறொரு வகைச் சுயநலம்.

பேச்சைப் பற்றி ஒன்று. அட்டெண்டர்கள் திரும்பத் திரும்ப வந்து கேட்கும்போது சுள்ளென்று விழுந்துவிடுகிறேன் என்று வருந்தியிருக்கிறாய். அபய ராஜகுமாரனிடம் புத்தர் சொன்ன அளவுகோல் உண்மை, பயன், தக்க நேரம் ஆகியவை. குழந்தையின் வாயில் கல் சிக்கினால் ரத்தம் வந்தாலும் எடுத்துவிடுவோம் அல்லவா என்று அவர் அங்கே கேட்கிறார். ஆகவே கசப்பானதைச் சொல்லவே கூடாதென்று இல்லை. அப்பாவுக்கு இனி அதிக நாளில்லை என்று டாக்டர் சொன்னபின் மகன் உன்னிடம் வந்து கேட்டால், பொய்யான நம்பிக்கை கொடுக்காதே. டாக்டரிடம் மறுபடி பேச நேரம் வாங்கிக் கொடு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல், சாப்பிட்டாரா என்று கேள்.

நோயாளிகளைக் கவனிப்பது பௌத்தத்தில் ஓரமாக ஒட்டிக்கொண்ட சமாசாரம் அல்ல. அசோகர் தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததைச் சொல்லும்போது சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளின் பெயர்களைச் சொல்கிறார். தமிழ் நிலத்தின் பெயர் பௌத்த அரசன் ஒருவனின் கல்வெட்டில் மருந்தோடு சேர்ந்து வருகிறது. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். நாடி பிடித்த கைதான் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையையும் நடத்தியது.

கடைசியாகப் போராட்டம். தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காக இருப்பவர்கள் நிரந்தரப் பணி கேட்டுக் கூடுகிறார்கள், நான் போனால் என் உபேக்கை, அதாவது மனச் சமநிலை, குலைந்துவிடாதா என்று கேட்டிருக்கிறாய். போ, மகளே. மைத்ரி, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழும் முதிதை ஆகிய மூன்றோடும் சேர்த்துச் சொல்லப்படுவது உபேக்கை. கருணையைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது மரத்துப்போன மனம். சிகாலோவாத சூத்திரத்தில் வேலை கொடுப்பவனுக்கு ஐந்து கடமைகள் சொல்லப்படுகின்றன: சக்திக்கேற்ற வேலை, உணவும் ஊதியமும், நோயுற்றால் கவனிப்பு, அரிய பண்டங்களில் பங்கு, உரிய நேரத்தில் ஓய்வு. புத்தரே கடமை என்று வகுத்ததைக் கேட்டுப் பெறுவது எப்படிப் பேராசையாகும்? 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் அதற்கு முன்பே இந்நகரின் பௌத்தப் பணிகளில் ஈடுபட்டிருந்தவர். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கர், 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர். வேலை நேரத்தை வாரத்துக்கு 48 மணியாகக் குறைத்த தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 1946இல் வந்தது. இவர்கள் யாரும் மனஅமைதி கெட்டுவிடுமென்று வீட்டுக்குள் இருக்கவில்லை.

போராட்டத்தில் நீ கவனிக்க வேண்டியது வெறுப்பை. உத்தரவை எதிர்த்துக் கோஷம் போடு. உத்தரவில் கையெழுத்திட்ட அதிகாரியின் குடும்பத்தை இழுத்துப் பேசுகிறவர்களோடு சேராதே. அவசரப் பிரிவிலும் பிரசவ வார்டிலும் ஆள் இருக்கும்படி முறை வைத்துக்கொண்டு கலந்துகொள்ளுங்கள் என்று கூட்டத்தில் நீயே எழுந்து சொல். மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன், அவர்களும் நோயாளிகளை விட்டுவர மனமில்லாதவர்கள்தானே.

அம்மாவின் சீரியல் அரை மணி நேரம்தான். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார். எந்த மருமகள் யாரை ஏமாற்றினாள் என்று அவர் சொல்வதைக் கேள். உன் தியானம் அவரை உன்னிடமிருந்து தள்ளிவைக்கிறது என்று அவர் பயந்துபோயிருக்கிறார், உன் கடிதத்திலேயே அது தெரிகிறது.

வரும் பௌர்ணமியன்று உனக்கு டியூட்டி இல்லையென்றால் எழும்பூர் கென்னத் லேனில் உள்ள மகாபோதி சங்கத்துக்கு வா. மாலையில் அங்கே இருப்பேன். அம்மா வர விரும்பினால் அவரையும் கூட்டி வா. டியூட்டி போட்டிருந்தால் யாரிடமும் மாற்றிக் கேட்காதே, வார்டிலேயே இரு. அடுத்த பௌர்ணமிக்குப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கூட்டத்தில் என்ன முடிவானது என்பதை மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
உன் அம்மா வயதுள்ள தோழி