சொல்லத் தெரிந்தவர் எல்லோரும் வரலாம்

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் எழுத்துப் பட்டறை நடத்த ஆசை. திருநங்கைத் தோழி ஒருவரும் வருகிறார். பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. சரிப்படுமா?
– வாசகி, நெட்டப்பாக்கம்

பதில்: தாராளமாக நடத்துங்கள். உங்கள் புதுவை வட்டாரத்திலேயே முன்னோடி உண்டு. விவசாயக் கூலித் தொழிலாளி வீரம்மாவுக்கு எழுத்து தெரியாது. பாட்டும் கதையும் தெரியும். ஆய்வாளர் ஜோசியான் ரசீனிடம் அவர் பல ஆண்டுகள் தமிழில் சொன்ன வாழ்க்கை, 1995இல் பிரெஞ்சு நூலானது. பேச்சிலிருந்தே புத்தகம் பிறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதியும் முதலில் தம் சமூகத்தினர் சொன்னவற்றைக் கேட்டு ‘உணர்வும் உருவமும்’ தொகுத்தார். தன் வரலாறான ‘வெள்ளை மொழி’ பிறகு வந்தது.

ஆகவே முதல் நாள் பேனா வேண்டாம். நடவுப் பாட்டு, ஒப்பாரி, பிரசவக் கதை என்று பேசவிடுங்கள். கைபேசியில் பதிவு செய்து, எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். எழுதியதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்ற வரியை அடித்துவிடுங்கள். இதில் மட்டும் கொஞ்சமும் தளராதீர்கள். வீட்டு அடியும் சாதி வசவும் வெளியே போனால் ஊரில் இருக்கப்போவது அவர்தான். பெயர் போடுவதா என்பதும் அவர் முடிவே.

தோழியை அவர் சொல்லும் பெயரில் அழையுங்கள். ஆண், பெண் இரண்டிலும் தம்மை அடக்காதவர் வந்தாலும் அப்படியே. அவர்களிடம் உடலைப் பற்றி மட்டுமே கேட்காதீர்கள். பசி, வேலை, காதல் எல்லாம் அவர்களுக்கும் உண்டு.

மேடை, பொன்னாடை, தலைவர் உரை எதுவும் வேண்டாம். வேலை முடிந்த ஒரு மாலையில் தொடங்கிவிடுங்கள். முதல் தொகுப்பை எங்களுக்கும் அனுப்புங்கள்.