இடுப்பு ஆபரேஷன் தையல்: நூலா, கிளிப்பா?



குடும்ப நலம் என்பது பிள்ளைகளோடு முடிவதில்லை. வீட்டுப் பெரியவர்களும் அதில் சேர்த்திதான். சேத்தியாத்தோப்புப் பக்கம் களத்திலோ கிணற்றடியிலோ வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தால், ஆபரேஷன் செய்ய நேரும். கட்டுப் பிரிக்கும்போது, "நூலுக்குப் பதிலா கம்பியால குத்தியிருக்காங்களே, இது நல்லதா?" என்று கேட்கத் தோன்றும். விவரம் இதோ.

தோலை மூடும் முறைகள்

நூல் தையல்: தைக்க நேரமாகும். சில நூல் தோலுக்கடியில் தானே கரைந்துவிடும். மற்றதைப் பிரிக்க வேண்டும்.

கிளிப்: சிறு உலோகக் கம்பி. சீக்கிரம் போடலாம். எடுக்கத் தனிக் கருவி வேண்டும்.

எது மேல்?

2010-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள், எலும்பு ஆபரேஷன் செய்த 683 காயங்களின் விவரத்தைத் திரட்டினார்கள். கிளிப் போட்டவற்றில் கிருமித் தொற்று 3 மடங்குக்கு மேல். இடுப்பில் 4 மடங்கு. ஆனால் அவர்கள் சேர்த்த 6 ஆய்வுகளில் பல குறையுள்ளவை. 2016-ல் மேலும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தொற்றில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கிளிப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். பராமரிப்பில்தான் கவனம் வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம்?

வாய்க்கால் கரையில் சிறு கசிவை விட்டால் கரையே உடையும். உள்ளே உலோகத் தண்டோ செயற்கை மூட்டோ இருக்கிறது. கிருமி அதுவரை இறங்கினால் மறுபடியும் ஆபரேஷன்தான்.

வீடு திரும்புமுன் டாக்டரிடம் கேளுங்கள்

1. போட்டிருப்பது நூலா, கிளிப்பா?
2. எந்தத் தேதியில் பிரிக்க வேண்டும்? பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள்.
3. எங்கே பிரிப்பது? நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குரிய கருவி இருக்கிறதா?

செய்யக் கூடாதவை

மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதையும் காயத்தில் பூசாதீர்கள். குறடு, பிளேடு கொண்டு வீட்டிலேயே கிளிப்பை எடுக்காதீர்கள். டாக்டர் சொல்லும்வரை காயத்தை நனைக்காதீர்கள். சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

உடனே காட்ட வேண்டியவை

சிவப்பு, வீக்கம், நீர் அல்லது சீழ் கசிதல், கெட்ட வாடை, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

இந்த வேலையை மருமகள் தலையில் மட்டும் கட்டாமல், கணவன் மனைவி இருவரும் பங்கிட்டுக் கொள்ளுங்கள். நடைப்பயிற்சிக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை மருத்துவர் உதவுவார். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி வையுங்கள்.

காயத்தைக் காப்போம்! பெரியவர்களை எழுந்து நடக்க வைப்போம்!