வானோடிகளின் தோற்சட்டை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் நிலத்தில், பாலவனத்தத்தைச் சூழ்ந்த ஊர்களில், பருத்தியும் ஆவாரையும் நாம் நன்கறிந்தவை. பருத்தி ஆடைக்கு உதவுவது. ஆவாரம்பட்டையோ பழைய சென்னை மாகாணத்தில் தோல் பதனிடப் பெரிதும் பயன்பட்டது. முதல் உலகப் போரின்போது (1914–1918) இம்மாகாணத்தில் பதனிட்ட தோல்கள் பிரிட்டிஷ் படையினரின் காலணிகளுக்காக மிகுதியாகக் கப்பலேறின. போர்வீரர்க்குத் தோல் இன்றியமையாதது என்பது அக்காலத்தார் எண்ணம். அது எத்துணை உண்மை என்பதை விமானிகளின் தோற்சட்டை வரலாறு கொண்டு ஆராய்வோம்.

தரையினின்று ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். ஆறு கிலோமீட்டர் உயர்ந்தால் 39 பாகை குறையும். அக்கால விமானங்களில் விமானியின் இருக்கை மேல்மூடியின்றித் திறந்தே இருந்தது. எனவே, காற்று ஊடுருவாத தோலை உடுத்தினர். அமெரிக்கப் படை 1927இல் ஏ-1 என்னும் தோற்சட்டையையும், 1931இல் ஏ-2 என்பதனையும் ஏற்றது. ஏ-2 பெரும்பாலும் குதிரைத் தோலால் ஆனது. பிரிட்டிஷ் விமானிகளோ உரோமம் நீக்காத செம்மறியாட்டுத் தோலாலான இர்வின் சட்டையை அணிந்தனர்.

ஆயின், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் படை ஏ-2 கொள்முதலை நிறுத்தியது. அதனிடத்தில் வந்த பி-10 சட்டையின் மேலுறை பருத்தித் துணி, உட்புறம் கம்பளி. மின்னாற்றலால் வெப்பமூட்டும் உடைகளும் அப்போரிலேயே வழக்கில் இருந்தன. போருக்குப்பின் ஜெட் விமானங்கள் பெருகியபோது நைலான் சட்டைகள் வந்தன. நனைந்தால் கனத்துக் குளிரில் விறைக்கும் தோலைவிட அவையே ஏற்றவையாயின. விமானிக்குத் தேவையானது வெம்மையே. தோல் அன்று என்பது இதனால் விளங்கும்.

1988இல் அமெரிக்க விமானப்படை ஏ-2 சட்டைக்கு மீண்டும் இடமளித்தது, இம்முறை ஆட்டுத்தோலில். இது குளிருக்கு அஞ்சி அன்று, மரபின் பெருமை கருதியே. இன்று கடைகளில் இளைஞர் விரும்பி வாங்கும் தோற்சட்டையும் இப்பெருமையின் நிழலே.

தற்காப்பில் நேரும் கொலை வேறு, வேண்டுமென்றே செய்யும் கொலை வேறு என இல்லறத்தார்க்கு நம் அறநூல்கள் வகுத்துரைக்கும். உறைபனியில் உயிர் காக்கத் தோல் உடுத்தியவனை நாம் பழிக்க வேண்டுவதில்லை. ஆனால், அவனே கைவிட்ட ஒன்றை, குளிரே அறியாத நம் ஊரில், அழகுக்காக நாம் அணிதல் தகுமா? பிள்ளைகள் அத்தகைய சட்டையை விரும்பிக் கேட்கும்போது, கடிந்து மறுக்காமல் இவ்வரலாற்றை எடுத்துரைப்போம். காரணம் அறிந்து கொள்ளும் விரதமே நிலைத்து நிற்கும்.